ஈரம் காப்பது யார் கணக்கில்?

துடியலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் நடக்கும் தொழில்கள் பலவற்றில், ஆட்கள் கைகழுவிவிட்டுப் போன பிறகுதான் பொருள் உருவாகத் தொடங்குகிறது. பவுண்டரியில் கோர் பெட்டிக்குள் இடித்து நிரப்பிய மணல் கல்லாக இறுக வேண்டும். பம்ப்செட் மோட்டாருக்கு காயில் சுற்றி, வார்னிஷில் முக்கி எடுத்த ஸ்டேட்டர் ஓவனில் வேக வேண்டும். ரீட்ரேடிங் பட்டறையில் தேய்ந்த டயரும் அதன்மேல் ஒட்டிய புது ரப்பரும் சூட்டில் ஒன்றாக வேண்டும். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் பிடுங்கிய சின்ன வெங்காயத்தின் கழுத்து வற்றி மூட வேண்டும். 2011-இல் துடியலூர் கோவை மாநகராட்சிக்குள் வந்ததற்குப் பிறகு மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் எழும்பிக்கொண்டே இருக்கும் வீடுகளில், போட்ட தளம் ஈரத்திலேயே கிடந்து முதிர வேண்டும். பட்டறையும் பாடப்புத்தகமும் இத்தனைக்கும் வைத்திருக்கும் பெயர் க்யூரிங். இவற்றில் சிலவற்றை நம்மவர்கள் கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்த்துச் செய்கிறார்கள். சிலவற்றை வாட்ச்மேன் கையிலுள்ள பைப்பை நம்பி விட்டுவிடுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே மாதிரி ஆட்களிடம் ஏன் இந்த வேறுபாடு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. விவரம் தெரியாததால் என்று சொல்லிவிடுவது எளிது. என் வாதம் வேறு. அரைகுறையாக விட்டதன் கேடு எத்தனை நாளில், யாருடைய தலையில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு தொழில் தன் பொருளை முதிர விடுகிறது, அல்லது அவசரப்படுத்தி அனுப்பிவிடுகிறது.

இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேதியியல், ஒரே பெயர் இருப்பதாலேயே ஒரே கூட்டில் அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் சிலிகேட் கூழாக மாறுகிறது. ரப்பரில் கந்தகம் நீண்ட மூலக்கூறு இழைகளுக்குக் குறுக்கே பாலம் போடுகிறது. மஞ்சளில் மாவுச்சத்து வெந்து கூழாகிறது. புகையிலையில் இலையின் சொந்த நொதிகளும் நுண்ணுயிர்களும் வேலை செய்கின்றன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்ட இனமும் உண்டு. ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் 1861-இல் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊருக்குப் பழக்கமான ‘காபி க்யூரிங்’ ஆலையில், காய்ந்த கொட்டையின் தோலை நீக்கி, பெரியது சிறியது பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கொட்டைக்குள் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. அதை ஒதுக்கிவிடலாம். மற்றவற்றுக்கு வேதியியலில் உறவில்லாவிட்டாலும் நடைமுறையில் நெருங்கிய உறவு இருக்கிறது. நடப்பது உள்ளே நடக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வேகத்தைச் சூடும் ஈரமும் தீர்மானிக்கின்றன. ஒருமுறை நின்றுபோனால், அல்லது அளவு மீறிவிட்டால், பெரும்பாலும் திரும்பச் செய்ய வழியில்லை. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு கட்டம் எந்தத் தொழிலில் இருந்தாலும், அங்கே ஏமாற்றவும் ஏமாறவும் இடம் திறந்துவிடுகிறது.

கேடு மிகச் சீக்கிரம் வீடு திரும்பும் தொழிலிலிருந்து தொடங்கலாம். கோவை பவுண்டரிகளில் கோர் செய்யும் பழைய முறைகளில் ஒன்று, மணலில் சோடியம் சிலிகேட்டைக் கலந்து பெட்டியில் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவது. சில நொடிகளில் மணல் இறுகிவிடும். வாயு குறைந்தால் கோர் தூக்கும்போதே பொலபொலக்கும். அதிகமானால் அப்போதைக்குக் கெட்டியாகத் தெரியும், அடுக்கி வைத்த இடத்தில் விளிம்பு உதிரத் தொடங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் யோஹான்னஸ் குரோனிங் உருவாக்கிய ஷெல் முறையில், பிசின் பூசிய மணலை 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வைத்த உலோக அச்சின்மேல் கொட்டுகிறார்கள். உடைத்துப் பார்த்தால் நிறமே சொல்லிவிடும். உள்ளே மஞ்சளாக இருந்தால் வேகவில்லை, கரும்பழுப்பு என்றால் கருகிவிட்டது. வேகாத கோரின்மேல் உருக்கிய இரும்பு பட்டதும் மீந்திருக்கும் பிசின் வாயுவாகக் கிளம்பி, வார்ப்புக்குள் புகுந்து ப்ளோ ஹோல் விழும். இதெல்லாம் ஒரே நாளில், அதே கூரையின் கீழ் தெரிந்துவிடுகிறது. இரும்பும் கரியும் மின்சாரமும் செலவழித்த முதலாளியின் கண்முன்னே கழிவுக் குவியல் ஏறுகிறது. அதனால் கோர் அடிக்கும் இடத்தில் நொடி எண்ண ஆள் இருக்கிறார். தரச் சான்றிதழ்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஒழுங்கு இங்கே வந்துவிட்டது. கழிவுக் குவியல்தான் அதைக் கற்றுக்கொடுத்தது.

ரப்பரும் மோட்டாரும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தையும் சூட்டையும் சேர்த்து ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இந்தத் தொழிலின் முழுக் கலையும் எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது. இயற்கை ரப்பரைக் குறைவாக வேகவைத்தால் ஒட்டும். தேவைக்கு மேல் சூட்டில் விட்டால் போட்ட பாலங்கள் அறுந்து மறுபடி இளகும். இந்த ஏற்ற இறக்கத்தை ரியோமீட்டர் என்ற கருவி வரைபடமாகவே போட்டுத் தந்துவிடுகிறது. பார்த்து நேரம் வைக்கிறார்கள். ரீட்ரேடு உரிந்தால் லாரிக்காரர் சில வாரங்களில் டயரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மோட்டாரில் காலம் இன்னும் நீளுகிறது. நீர்மூழ்கி மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி என்பதால் இந்தக் கவலை இல்லை. மோனோபிளாக் மோட்டாரின் வார்னிஷ் சரியாக வேகவில்லை என்றால், சுருள்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசி, ஒரு கோடையிலோ இரண்டு கோடையிலோ எரியும். மின்காப்பு தாங்க வேண்டிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்று மான்ட்சிங்கர் 1930-இல் சொன்ன விதி இன்றும் கைக்கணக்குக்கு உதவுகிறது. துடியலூரில் பம்ப் செய்யும் பெரிய ஆலைகளுக்கு வாரன்டி என்ற கயிறு இருக்கிறது, எரிந்த மோட்டார் திரும்பி வரும். மூலைக்கடையில் ரீவைண்டிங் செய்த மோட்டாருக்கு அந்தக் கயிறு நீளம் குறைவு. மோட்டார் எரிந்தால் பழி கரண்டுக்கு. வோல்டேஜ் குறைச்சல் என்பது இந்த மாவட்டத்தில் எத்தனை அரைவேக்காட்டு வார்னிஷைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

மஞ்சளுக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கிழங்கை மண்ணிலிருந்து எடுத்ததும் அது சந்தைக்குரிய மஞ்சள் ஆகிவிடுவதில்லை. எடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைக்க வேண்டும். கொப்பரையில் நுரை பொங்கி, மணத்தோடு வெண்புகை எழும் வரை, ஏறக்குறைய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் பதம். இப்போது வாடகைக்குக் காட்டுக்கே வரும் நீராவி பாய்லர்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. வேகும்போது மாவுச்சத்து கூழாகி நிறம் கிழங்கு முழுக்கச் சமமாகப் பரவுகிறது. முளைக்கும் உயிர் அடங்குகிறது. அதன்பின் களத்தில் 10 முதல் 15 நாள் காய்ந்தால் போதும் என்ற நிலை வருகிறது. வேக்காடு குறைந்தால் எளிதில் நொறுங்கும், பூச்சி விழும். கூடினால் நிறம் போகும். வேகவைக்காமலே பச்சையாகச் சீவி உலர்த்தலாமே, எண்ணெயும் நிறமும் பிழிந்தெடுக்கும் ஆலைகளுக்கு அது போதுமே என்று கேட்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த வழியும் நடக்கிறது. முழு விரலியாக விற்கிறவருக்கு அது உதவாது. ஏனென்றால் ஏலத்துக்கு வரும் வியாபாரி விரலியைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்க்கிறார். பக்குவமாக வெந்து காய்ந்தது உலோகம் தட்டியது போல் ஒலி எழுப்பி முறியும், முறிந்த இடம் சீராக மின்னும். வாங்குபவர் கையிலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆய்வின் முடிவு அந்த நிமிடமே விலையாகிறது. கொங்கு விவசாயி மஞ்சளை அக்கறையோடு பதப்படுத்துவதற்கு மரபு ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த ஒடிப்புதான் பெரிய காரணமாகப் படுகிறது.

அந்த ஒடிப்பிலும் ஓட்டை உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதைத்தான் அது சோதிக்கிறது. வங்கதேசத்தில் 1980-களில் பெருவெள்ளம் மஞ்சளை நனைத்து நிறம் மங்கச் செய்தபோது, சில ஆலைகள் பாலிஷ் போடும் நேரத்தில் ஈய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்க்கத் தொடங்கின. முறையாகக் காயாததன் குறையை மறைக்க வந்த பூச்சு, வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கமாக நிலைத்துவிட்டது. பளிச்சென்ற மஞ்சளுக்கு விலை, மங்கியதற்கு இல்லை. ஈயம் போய்ச் சேர்ந்த இடம் சாப்பிட்டவர்களின் இரத்தம், அதிலும் குழந்தைகளின் மூளை. அங்கே கேடு திரும்பும் காலமும் நீளம், திரும்பும் முகவரியும் வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2019-இல் வெளிப்படுத்தினார்கள். அதன்பின் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரிக்கை ஒட்டியதோடு நிற்கவில்லை. கையில் பிடித்து இயக்கும் எக்ஸ்ரே கருவியோடு மொத்தச் சந்தைக்கே போய், அங்கேயே சோதித்து, அங்கேயே அபராதம் போட்டார்கள். 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. சாயம் நஞ்சு என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லவும் செய்தார்கள்தான். ஆனால் இரண்டே ஆண்டில் இப்படி விழ வைத்தது, கேடு திரும்பும் நாளைப் பல ஆண்டுகளிலிருந்து பத்து நிமிடமாகச் சுருக்கியதுதான்.

புகையிலையில் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கமும் கொங்கிலும் வாய்ப்புகையிலையைப் பாடம் போடுகிறவர்களின் தேர்ச்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. வெயிலில் வாட்டி, அம்பாரம் போட்டு, சூடேறுவதைக் கையால் தொட்டுணர்ந்து, பிரித்து மாற்றி அடுக்கி, வெல்லத்தண்ணீர் தெளித்து, மணமும் பிசுபிசுப்பும் வரும் வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். வியாபாரி முகர்ந்து பார்த்தே விலை சொல்வார். ஆனால் அதே அம்பாரத்துக்குள் நுண்ணுயிர்கள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க, அது இலையின் காரப்பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமீன்களாகிறது. இவற்றில் இரண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியாகவே வகைப்படுத்தியவை. வாங்குபவரின் மூக்குக்கு எட்டாதது, மெல்பவரின் வாயில் பல ஆண்டு கழித்துத் தெரிகிறது. ஸ்வீடனில் வாய்ப்புகையிலையை நொதிக்க விடாமல் நீராவியில் சூடாக்குவதற்கு மாறிய பிறகு இந்த நஞ்சுகள் பெரிதும் குறைந்தன. (குறைந்தன என்றேன், அதனால் மெல்லலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) சின்ன வெங்காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாளோடு சில நாள் காய்ந்து கழுத்து மூடிய காயைச் சேமிப்புப் பட்டறையில் போட்டால் மாதக்கணக்கில் நிற்கும், மூடாததைப் போட்டால் அழுகும். அழுகுவது அவரவர் பட்டறையில்தான் என்பதால், விலை உச்சத்தில் இருந்து அவசரமாக விற்கும் நாட்களைத் தவிர, யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

இனி கான்கிரீட். இந்த வரிசையில் கேடு மிகத் தாமதமாக, மிகத் தொலைவான ஆளிடம் போய்ச் சேரும் பொருள் இதுதான். நம்மிடம் மிக மோசமாக முதிர்விக்கப்படுவதும் இதுதான். விதியில் குழப்பமில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நூலான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், சாதா போர்ட்லண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், வறண்ட சூடான காலநிலை என்றால் குறைந்தது 10 நாள், சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட் என்றால் 10 நாளுக்குக் குறையாமல், 14 நாள் வரை நீட்டுவது நல்லது என்கிறது. அதுவும் தொடர்ந்து ஈரமாக. மதுக்கரையில் 1930-களிலேயே சிமென்ட் ஆலை வந்துவிட்ட மாவட்டம் இது, சிமென்ட் நமக்குப் புதிதல்ல. ஆனால் இன்று வீடு கட்டுவோர் கடையில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பல் கலந்த பி.பி.சி. அதில் சிமென்ட் முதலில் தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்பை வெளிவிட வேண்டும். அந்தச் சுண்ணாம்போடுதான் சாம்பல் மெதுவாகச் சேர்ந்து இறுகும். இரண்டாம் ஆள் வேலைக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டால், சாம்பல் வெறும் சாம்பலாகவே கிடக்கும். மூட்டை மாறிவிட்டது, மேஸ்திரியின் வாயில் இருக்கும் ‘ஏழு நாள்’ மாறவில்லை. அந்த ஏழும் பல இடங்களில் மூன்றாம் நாள், அடுத்த மாடிக்குச் செங்கல் ஏற்றும்போதே முடிந்துவிடுகிறது.

இதற்கு ஊரின் காற்றும் உடந்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்று உடம்புக்குச் சுகம், அதனால் வெயில் தணிந்த பருவம் தளம் போட ஏற்றது என்ற எண்ணம் இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சுவதில் வெயிலுக்குச் சளைத்ததல்ல காற்று. சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகிப் போனால், இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு மெல்லிய கீறல்களாக வெடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல். காலையில் போட்ட தளத்துக்கு மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும்போது, ஆடிக்காற்று தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

கலவையிலேயே தேவைக்கு மேல் தண்ணீர் இருக்கிறதே, பிறகு எதற்கு மேலே ஊற்ற வேண்டும் என்று கேட்கலாம். கணக்கு சரி. 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டரை ஒட்டிய தண்ணீர் இருந்தால் சிமென்ட் முழுவதும் வினைபுரியப் போதும். நம் தளங்களில் 25 லிட்டருக்குக் குறைந்து யாரும் ஊற்றுவதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் உள்ளே தங்க வேண்டுமே. டி.சி. பவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940-களிலேயே காட்டியது இது: துளைகளுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். தொடக்கத்திலிருந்தே ஈரம் காட்டாமல் காற்றில் விட்ட கான்கிரீட், ஈரத்தில் வைத்ததன் வலிமையில் ஏறத்தாழப் பாதியோடு நின்றுவிடுவதைப் பழைய சோதனைகள் காட்டுகின்றன. மறுபக்கம், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1910-இல் வார்த்து வெளியில் வைத்த கட்டைகள் அரை நூற்றாண்டு வரை வலுவேறிக்கொண்டே இருந்தன. ரப்பரைப் போல அளவு மீறிக் கெடும் பயமே இதில் இல்லை. ஆகவே நோக்கம் ஊற்றுவதைவிட, உள்ளிருப்பதை வெளியே விடாமல் காப்பது. இதில் சிறுவாணித் தண்ணீரை வீணாக்கலாமா என்ற அடுத்த மறுப்புக்கும் விடை இருக்கிறது. காலை மாலை பைப்பைப் பிடித்துச் சாக்கடை வரை ஓட விடுவதுதான் வீண். அது இடையில் காய விட்டு மறுபடி நனைப்பதால் மேற்பரப்புக்குக் கெடுதலும்கூட. நனைத்த கோணிச்சாக்கின்மேல் பாலிதீன் ஷீட்டைப் போர்த்தி ஓரங்களில் கல் வைத்தால், அதில் ஒரு பங்கு தண்ணீரில் இரு வாரம் ஓடும். தெளித்துவிட்டால் மெழுகுப் படலமாகும் க்யூரிங் காம்பவுண்டு கான்கிரீட் சாலைகளுக்கு நன்றாகவே உதவுகிறது. பூச்சு வேலை வரவேண்டிய சுவரிலும் தூணிலும் அது பூச்சு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால் வீட்டுக்கு முழுத் தீர்வாகாது.

பெரிய மறுப்பு வேறொன்று. மூன்று நாள் தண்ணீர் காட்டிய வீடுகள் ஊர் முழுக்க நிற்கின்றனவே, எது இடிந்தது? இடியாது. அங்கேதான் சிக்கல். நம் வீடுகளின் தளம் தாங்கும் எடைக்கு எதிரே வலிமையில் நிறைய இருப்பு வைத்தே கணக்கிடுகிறார்கள். ஆகவே வலு குறைந்தாலும் அது விழாமல் நிற்கும். முதலில் காய்ந்துபோவது மேற்பரப்பை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர். கம்பிக்குக் கவசமாக இருப்பதும் அதே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை (பி.எச். அளவு) 12-க்கு மேல் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு துளைகள் வழியாக ஊறி அதை 9-க்குக் கீழே இறக்கியதும் காவல் போய்விடும். ஊறும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. எனவே சரியாக முதிராத மேற்பரப்பு ஊறும் வேகத்தை இரட்டிப்பாக்கினால், கம்பியைத் தொட ஆகும் காலம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 60 ஆண்டு தாங்க வேண்டியது 15 ஆண்டில் செம்பழுப்புக் கோடாக, பிறகு ஊதிப் பெயர்ந்து விழும் துண்டாகத் தெரியும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். தாத்தா காலத்து வீடு நிற்கிறதே என்பார்கள். அது சுண்ணாம்பு, உள்ளே கம்பி இல்லை. பவுண்டரியில் கோரை நொடிகளில் இறுக்கும் அதே வாயு, சுண்ணாம்புச் சுவரையும் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக்கொடுத்தது. கம்பி போட்ட தளத்துக்குத்தான் அது எமன்.

15 ஆண்டு கழித்து மேஸ்திரி எங்கே, கான்ட்ராக்டர் எங்கே? வீடே கைமாறியிருக்கும். இடையில் தரத்துக்கு அத்தாட்சி என்று காட்டப்படுவது கியூப் ரிப்போர்ட். 15 சென்டிமீட்டர் கனசதுரம் ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கப்படுகிறது. அந்தக் கட்டை அத்தனை நாளும் ஆய்வகத் தொட்டியில் 27 டிகிரித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது என்பதை யாரும் யோசிப்பதில்லை. கலவை எப்படி என்று அது சொல்லும். மொட்டை மாடியில் காற்று வாங்கிக் கிடந்த தளம் எப்படி என்று அதற்குத் தெரியாது. மஞ்சள் வியாபாரி விற்பனைக்கு வந்த மூட்டையில் கைவிட்டு எடுத்த விரலியை ஒடிக்கிறார், நாம் தனியாக வளர்த்த வேறொரு விரலியை ஒடித்துப் பார்த்துத் திருப்தி அடைகிறோம்.

சட்டம் ஒரு முயற்சி செய்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டிக்கொடுத்தவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. கேட்டைத் திருப்பி அனுப்பும் கயிறு இது, வரவேற்க வேண்டியது. ஆனால் ஈரம் காட்டாததன் துரு வெளியே தலைகாட்ட 5 ஆண்டு பெரும்பாலும் போதாது. 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் மனை, எட்டுக்கு மிகாத குடியிருப்புகள் என்றால் திட்டத்தைப் பதிவு செய்யவே தேவையில்லை. சொந்த மனையில் லேபர் கான்ட்ராக்டில் கட்டும் தனி வீடு, அதாவது துடியலூரில் நாம் பார்க்கும் பெரும்பான்மை, இந்தக் கயிற்றுக்கு எட்டாது. அரசுப் பணிகளின் மதிப்பீட்டில் ‘க்யூரிங் உட்பட’ என்று ஒவ்வொரு இனத்தின் வாலிலும் எழுதியிருக்கும். உட்பட என்று வந்ததும் அது அளக்கப்படுவதில்லை. அளக்காததற்குத் தனிக்கூலி இல்லை, செய்யாவிட்டால் பிடித்தமும் இல்லை. சதுர அடிக் கூலி பேசும் மேஸ்திரி தளம் போட்ட அன்று கூலியில் பெரும்பகுதியை வாங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஆள் வைத்து ஈரம் காப்பது அவருக்கு நேரடி நஷ்டம். அவரைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அவர் நம் கணக்கைச் சரியாகப் படித்திருக்கிறார், அவ்வளவே.

அதனால்தான் விழிப்புணர்வுக் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோரில் நொடி எண்ணும் பவுண்டரி முதலாளிக்குச் சூடும் நேரமும் பொருளை எப்படி மாற்றும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் வீடு கட்டும்போதும் ஒப்பந்தம் சதுர அடிக்குத்தான் எழுதப்படுகிறது. மாற்ற வேண்டியது அந்தத் தாளை. ஈரம் காப்பதைத் தனி இனமாக, நாள் கணக்கில், தனித் தொகையோடு எழுத வேண்டும். தளம் போட்டதற்கான கூலியில் ஒரு பகுதியை 14-ஆம் நாள் வரை நிறுத்தி வைக்க வேண்டும். தினமும் இருவேளை எடுத்து அனுப்பும் செல்போன் படம் போதுமான சாட்சி. சந்தேகம் இருந்தால், சுவிட்சர்லாந்தில் எர்ன்ஸ்ட் ஷ்மிட் வடிவமைத்து எழுபது ஆண்டுக்கு மேல் புழங்கும் சுத்தியலை மேற்பரப்பில் வைத்துத் தட்டி, துள்ளும் அளவைப் பார்க்கலாம். மிகத் துல்லியமான சோதனை இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த மேல் தோலைத்தான் அது தட்டிப் பார்க்கிறது. ஏலக்களத்து ஒடிப்புக்கு நிகராகக் கட்டடத்தில் நமக்கு உடனே கிடைக்கக்கூடியது இதுதான். செலவு கூடுமே என்றால், கூடும். சாக்கும் ஷீட்டும் ஒரு ஆளின் அரைநாள் கூலிகளும். மொத்தக் கட்டுமானச் செலவின் பக்கத்தில் வைத்தால் அது சின்னத் தொகை.

ஒப்பந்தத்தில் எழுதும்போது தூண்களைத் தளத்தோடு சேர்த்து ஒரே வரியில் எழுதிவிடக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டலாம், தூணில் தண்ணீர் நிற்காது. மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரித்துவிடுவதால் நான்கு பக்கமும் காற்று படும். சுற்றிய சாக்கு பத்து மணிக்குள் காய்ந்துவிடும். சன்ஷேடு, பாராபெட், லிஃப்ட் சுவர் எல்லாம் இதே கதைதான், துரு முதலில் தெரிவதும் இவற்றில்தான். தூணுக்குச் சாக்கின்மேல் ஷீட்டைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், மேலிருந்து ஒரு நாளைக்கு இருமுறை உள்ளே ஊற்ற வேண்டும், 14 நாள். தளத்தைவிட இதற்குக் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், கொடுக்கலாம்.